மூவரும் நலம்

செப்டம்பர் 6

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். வந்து சேர்ந்து ஆறு நாளாகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. விமானத்தில் அடைத்துக்கொண்ட வலது காது மட்டும் நேற்றுத்தான் திறந்தது. நீ எப்படி இருக்கிறாய்? உன் அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா, அல்லது பஸ்ஸை நிறுத்துகிற இடத்திலெல்லாம் டீயைக் குடித்தே வயிற்றை ரொப்புகிறாரா?

என் அறை மூன்றாவது மாடியில். கட்டிலை ஒரு சாண் தள்ளினால்தான் அலமாரிக் கதவு திறக்கும். அலமாரியை மூடினால்தான் கட்டிலைத் திரும்பத் தள்ள முடியும். காலையில் துணி எடுப்பதற்குள் பாதி உடற்பயிற்சி முடிந்துவிடுகிறது. விடுதி முழுமைக்கும் ஒரே தொலைபேசி. 'உயிர் போகிற காரியத்துக்கு மட்டும்' என்று அதன்மேல் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நமக்கு அப்படி ஒரு காரியமும் வராது. அதனால் கடிதமே போதும்.

முதல் நாள் கூத்தைக் கேள். வகுப்பறைக் கதவைத் திறந்து உள்ளே போனேன். பதினாறு பேரும் சட்டென்று எழுந்து நின்றார்கள். எல்லோரும் உன் வயதுப் பிள்ளைகள். என் நரையையும் கைப்பையையும் பார்த்து நான்தான் ஆசிரியை என்று நினைத்துவிட்டார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "உட்காருங்க, உட்காருங்க" என்று கையைக் காட்டிவிட்டு, நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். எல்லோரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் என் பக்கத்தில் இருந்த நெட்டைப் பெண் சிரிக்க ஆரம்பித்தாள் பார், வகுப்பே சிரித்தது. நானும்தான். உண்மையான ஆசிரியை வந்தபோது ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. இன்னொரு தரம் ஏமாறக் கூடாதென்று உட்கார்ந்தே இருந்தார்கள்.

பதினெட்டு வருஷம் ஆஸ்பத்திரிப் பட்டறையில் மாவு குழைத்துக் கட்டுப் போட்டவள், செயற்கைக் கால் செய்து பழகினவள், நாற்பத்து மூன்று வயதில் அதையே முறையாகப் படிக்க வந்து பென்சில் சீவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பென்சிலைத் தொலைக்கவும் தொலைத்துவிட்டேன்.

பேச்சுத்தான் கொஞ்சம் இடிக்கிறது. நான் ஒரு வருஷமாகப் புத்தகத்தில் படித்த மொழியில் எல்லோரும் நிதானமாக, ஒருவர் முடித்தபின் ஒருவர் பேசினார்கள். இங்கே கொட்டுகிற மழையைப் போலப் பேசுகிறார்கள். புரியாத இடத்திலெல்லாம் "ஆமா" என்று தலையாட்டிவிடுகிறேன். இதுவரை ஒரு கெடுதலும் வரவில்லை.

நீ உன் ஆசிரியர் பயிற்சியில் கவனமாக இரு. தலைக்கு எண்ணெய் வை.

அன்புடன்,
அம்மா


செப்டம்பர் 17

அன்புள்ள அம்மா,

நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் கடிதம் நேற்று வந்தது. அப்பா அதை மூன்று தடவை படித்தார். மூன்றாவது தடவை எனக்கே வாசித்துக் காட்டினார், நான் இன்னும் படிக்காதவள் மாதிரி.

அம்மா, நீ அங்கே யாருக்கு "ஆமா" சொல்கிறாய் என்று பார்த்துச் சொல். ஏதாவது காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதே. குளிருக்குக் காலுறை இரண்டு மாட்டிக்கொள். வேளைக்குச் சாப்பிடு. யார் எது கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிப் பட்டினி கிடக்காதே. (இதெல்லாம் நீ எனக்கு எழுத வேண்டியது. காலம் தலைகீழாகிவிட்டது.)

இங்கே சமையல் முறை வைத்துச் செய்கிறோம். என் முறையில் நான் சமைக்கிறேன். அப்பா முறையில் அப்பா முட்டை பொரிக்கிறார். முட்டை தவிர உலகத்தில் ஒரு பொருள் விளைகிறது என்று அவருக்குத் தெரியாது. நேற்று "வேற ஏதாவது செய்யுங்களேன்" என்றேன். யோசித்துவிட்டு முட்டையை வேகவைத்தார்.

எனக்கு மூன்றாம் வகுப்பில் பாடம் நடத்தும் பயிற்சி தொடங்கிவிட்டது. முதல் நாளே கரும்பலகையில் கழித்தல் கணக்கைத் தப்பாகப் போட்டேன். முன் வரிசையில் ஒரு சுண்டெலிப் பெண் எழுந்து, "டீச்சர், நீங்க கடன் வாங்க மறந்துட்டீங்க" என்றாள். பின்னால் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் இருமலை அடக்குவதுபோலச் சிரிப்பை அடக்கினார்.

அப்பாவை நாலு வரி எழுதச் சொன்னேன். "டிப்போவுக்கு நேரமாச்சு" என்று இதை மட்டும் எழுதினார்:

நலம். நீ நலமா. – அப்பா

அவர் உனக்கு எப்படி அப்பா ஆவார் என்று கேட்டேன். "எழுதியாச்சு, அழிச்சா அசிங்கமா இருக்கும்" என்று போய்விட்டார்.

முத்தங்களுடன்,
வாலு


செப்டம்பர் 27

என் வாலுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். நான் சுகம். உன் அப்பாவிடம் சொல், அவர் எனக்கு அப்பாவாக வந்தால் சீர் செய்ய வேண்டியிருக்கும் என்று.

நீ எச்சரித்தது சரியாகப் போயிற்று. போன வாரம் நெட்டை என்னிடம் மூச்சு விடாமல் ஏதோ கேட்டாள். நான் வழக்கம்போல "ஆமா" என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சரி, பாசமான பெண் என்று நினைத்தேன். சனிக்கிழமை காலை வாசலில் ஒரு வண்டி நிற்கிறது. நெட்டை வீடு மாற்றுகிறாள். சாமான் தூக்க வருவதாக ஒப்புக்கொண்டது நான் ஒருத்திதான்!

லிஃப்ட் இல்லாத நாலு மாடி. புத்தகப் பெட்டிகள், ஒரு சைக்கிள், கடைசியாக யானைக் குட்டி மாதிரி ஒரு துணி அலமாரி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அது மாட்டிக்கொண்டது. நான் மேலே, நெட்டை கீழே, நடுவே அலமாரி. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் திறந்து ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாவற்றுக்கும் "ஆமா" சொன்னேன். கடைசியில், முறிந்த காலை அசங்காமல் தூக்கித் திருப்புவோமே, அதுபோல முதலில் குதிகாலை, அதாவது அலமாரியின் அடியை, சுவரோடு சாய்த்துத் திருப்பச் சொன்னேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. மாடிப்படி முழுக்கக் கைதட்டல். மாலைக்குள் அந்தக் கட்டடத்தில் எனக்குப் பதினோரு பேர் பழக்கம்.

படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. முதல் பருவத்துக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு ஆளை ஒதுக்கிவிட்டார்கள். அவருக்குக் கால் செய்து, போட்டு நடக்க வைக்க வேண்டும். எனக்கு வந்திருப்பவர் கூரை வேய்கிறவர். ஐம்பது வயதிருக்கும். வேலை செய்யும்போது விழுந்து வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்றாம். தேக்கு மரம் மாதிரி ஆள், பூனைக்குட்டி மாதிரி குரல். எதைக் கேட்டாலும் "ரொம்ப நல்லா இருக்கு" என்கிறார்.

ஆசிரியைக்கு நான் கண்ணாடியம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன். மூக்கில் ஒன்று, தலையில் ஒன்று, கழுத்தில் ஒன்று என்று மூன்று கண்ணாடி. கெட்டிக்காரி. எல்லாம் நன்றாகப் போகிறது.

சுண்டெலிக்கு என் வாழ்த்து.

அன்புடன்,
அம்மா


அக்டோபர் 8

அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நல்ல சுகம். உன் அலமாரிக் கதையைப் படித்துச் சிரித்ததில்... நிறையச் சிரித்தோம். அவ்வளவுதான்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. அப்பா இரண்டு நாளாகப் பால்கனியில் உட்கார்ந்து, தெருவில் போகிற பஸ்களின் ஹாரனை வைத்தே யார் ஓட்டுகிறார்கள் என்று சொல்கிறார். "இவன் பிரேக்கை உதைக்கிறான் பாரு, பிரேக்கை மிதிக்கணும், உதைக்கக் கூடாது" என்று நாள் பூராவும் விமரிசனம். நான் காலையில் அவருக்குத் தலை வாரிவிட்டுத்தான் பயிற்சிக்குப் போகிறேன். முட்டை உடைப்பதும் இப்போது என் வேலை.

சுண்டெலிக்கு உன் வாழ்த்தைச் சொன்னேன். "உங்கம்மாவும் ஸ்கூலுக்குப் போறாங்களா? ஃபெயில் ஆயிட்டாங்களா?" என்று கேட்டாள்.

அப்பாவின் கையெழுத்து கீழே. கொஞ்சம் கோணல்மாணலாக இருக்கும். பஸ்ஸில் எழுதினார், குலுங்கிவிட்டது.

அன்புடன்,
வாலு

நலம்


அக்டோபர் 9
(அஞ்சலட்டை)

வாலு, சுகமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். இரண்டாவது தடவையும் கால் செய்து முடித்தேன். வேலை நெருக்கம், நீளமாக எழுத நேரமில்லை. மழை பெய்கிறது. மற்றபடி எல்லாம் நன்றாக இருக்கிறது.

அம்மா


அக்டோபர் 17

வாலுக்கு,

நான் நலமா என்பது இருக்கட்டும். உன் எட்டாம் தேதிக் கடிதம் இப்போதுதான் வந்தது. பூச்சு வேலைகளை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பஸ்ஸில் எழுதினார் என்கிறாய். பஸ்ஸில் உன் அப்பா உட்காருகிற இடம் ஒன்றே ஒன்று. அங்கே உட்கார்ந்து குலுங்கக் குலுங்கக் கடிதம் எழுதினார் என்றால் பயணிகளின் கதி என்ன? பொய் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் நிதானமாக உட்கார்ந்து யோசித்துச் சொல்.

அந்த 'நலம்' என்ற மூன்று எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்த மாதிரி இருக்கிறது. எழுத்து இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. ஓரத்தில் மை இழுபட்டிருக்கிறது; எழுதிய கை எழுத்தின் மேலேயே உரசிப் போயிருக்கிறது. அது இடது கை. பகலெல்லாம் பால்கனி. தலை வாரிவிடுகிறாய். முட்டையை நீ உடைக்கிறாய். பதினெட்டு வருஷத்தில் நான் கட்டுப் போட்ட கைகளை வரிசையாக வைத்தால் நம் தெருவுக்கு வேலி கட்டலாம். யாரிடம் மறைக்கிறாய்?

எந்த இடத்தில் முறிவு? மணிக்கட்டா, முழங்கையா? கட்டு யார் போட்டது? விரல் வீங்கியிருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா, மரத்துப்போகிறதா? கையைத் தூக்கி வைத்திருக்கிறாரா? விரலை மணிக்கு ஒரு தரம் மடக்கி நீட்டச் சொல்.

நலம் என்று இனிமேல் எழுதாதீர்கள். இருக்கிறதை எழுதுங்கள். தூரத்தில் இருக்கிறவளுக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா?

அம்மா


அக்டோபர் 19

அம்மாவுக்கு,

வணக்கம். உன் அஞ்சலட்டை வந்தது. அது கடிதமா, வானிலை அறிக்கையா?

வழக்கமாக நீ கதவைத் திறந்த கதையையே ஒரு பக்கம் எழுதுகிறவள். இதில் ஆறு வரி. 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று எழுதியிருக்கிறாய். கண்ணாடியம்மா எங்கே? நெட்டை எங்கே? கூரைக்காரர் நடந்தாரா? ஏன் 'இரண்டாவது தடவையும்' செய்தாய்? முதல் கால் என்ன ஆயிற்று?

அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்கம்மா சந்தோஷமா இருந்தா வளவளன்னு பேசுவா. இது சரியில்லை" என்றார். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுப் போய் ஜன்னல் பக்கம் நின்றார்.

அழுதிருந்தால் அழுதேன் என்று எழுது. உன் பெண் இப்போது டீச்சர். இருபத்தெட்டுப் பிள்ளைகள் என்னிடம் தினமும் அழுகிறார்கள், எனக்குப் பழக்கம்தான்.

உன்,
வாலு


அக்டோபர் 27

பொல்லாத அம்மாவுக்கு,

கண்டுபிடித்துவிட்டாய். இருவரும் தலை குனிந்து எழுதுகிறோம்.

வலது மணிக்கட்டு. இந்த மாதம் ஆறாம் தேதி. எப்படி என்று கேட்டால் சிரிக்கக் கூடாது. உன் அலமாரிக் கடிதம்தான் காரணம். தபால்காரர் மாடிக்கே வந்து கொடுத்தார். அப்பா படித்துக்கொண்டே படியிறங்கினார். நான் கீழே நின்று, "பார்த்து வாங்கப்பா" என்றேன். "இரு, இரு, அலமாரி மாட்டிக்கிச்சு" என்றார். கடைசி இரண்டு படியைக் காணோம். விழுந்த பிறகும் கடிதத்தை விடவில்லை. "கை போச்சுன்னு நினைக்கிறேன். அலமாரி என்ன ஆச்சுன்னு படி" என்றார். படித்து முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கட்டுப் போட்டது உன் கூட வேலை பார்க்கும் மாவு மாமாதான். அவர் பட்ட பாட்டை நீ பார்க்கவில்லையே! "அக்காகிட்ட சொல்லிடாதீங்க, வந்ததும் என் கட்டைப் பிரிச்சுப் பார்த்து மானத்தை வாங்கிடுவாங்க" என்றார். விரல் வீக்கமில்லை, நிறம் மாறவில்லை, மணிக்கு ஒரு தரம் மடக்கி நீட்டுகிறார். அடுத்த மாதம் பதினேழாம் தேதி பிரிக்கிறார்கள்.

மறைத்தது என் யோசனையில்லை, அப்பாவுடையது. "அவ வந்துடுவாடி. கை முறிஞ்சதுன்னு தெரிஞ்சா அடுத்த விமானம் ஏறிடுவா. இந்தப் படிப்புக்காக ஒரு வருஷம் காலையில நாலு மணிக்கு எழுந்து அந்த மொழியைக் கத்துக்கிட்டவ" என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. மன்னித்துவிடு.

நீ வராதே. நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம்.

வாலு

என் மேலதான் தப்பு. பிள்ளையைத் திட்டாதே. வலி இருந்தது, இப்ப இல்லை. சட்டைப் பொத்தான் போடத்தான் கஷ்டமா இருக்கு. நீ இல்லாததும். – அப்பா (இடது கை)


அக்டோபர் 29

என் வாலுக்கு,

உன் பத்தொன்பதாம் தேதிக் கடிதம் கிடைத்தது. என் கேள்விகளுக்குப் பதில் இன்னும் வரவில்லை. வழியில் இருக்கும் என்று நினைக்கிறேன். அது வருவதற்குள் நான் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நானே அதைச் செய்யாமல் இருந்தால் எப்படி?

எல்லாம் நன்றாகப் போகவில்லை. முதல் காலைக் கண்ணாடியம்மா வேண்டாம் என்று ஒதுக்கினார். இரண்டாவதையும் ஒதுக்கினார். பத்தாவது வாரம் தேர்வு. அதில் தேறாதவர்கள் ஊர் திரும்ப வேண்டும். இதை உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. பட்டறையில் மாலை போட்டு வழியனுப்பினார்களே, அந்த மாலையை நினைத்து நினைத்து இரண்டு நாள் அழுதேன். இருக்கட்டும், அது முடிந்த கதை.

என்ன நடந்தது என்றால், கூரைக்காரருக்குக் கால் போட்டுக் கழற்றினால் முன்னெலும்பு நுனியில் தோல் சிவந்திருக்கும். "வலிக்குதா?" என்று கேட்பேன். "இல்லவே இல்லை" என்பார். எங்கே வலிக்கிறது என்பதைத் தோல் சொல்லும். எப்போது வலிக்கிறது என்பதை வாய்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்ல மாட்டேன் என்கிறார். கண்ணாடியம்மா காலைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிஷம் விளக்குவார். "புரிஞ்சுதா?" என்பார். நான் "ஆமா" என்பேன். பாதி புரிந்திருக்காது.

பதினேழாம் தேதி உனக்குக் கோபமாக எழுதித் தபாலில் போட்டுவிட்டு நேராகக் கல்லூரிக்குப் போனேன். நலம் என்று எழுதாதே என்று பிள்ளைக்கு எழுதிவிட்டு, இங்கே நாள் முழுக்க நானும் அதைத்தானே செய்கிறேன்? கண்ணாடியம்மா வந்து வழக்கம்போல விளக்கி, "புரிஞ்சுதா?" என்றார். "இல்லை" என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவர் தலையிலிருந்த கண்ணாடியை எடுத்து மூக்கில் போட்டார், மூக்கிலிருந்ததைத் தலைக்கு ஏற்றினார். "எவ்வளவு நாளா புரியலை?" என்றார். "முதல் நாள்லேர்ந்து" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் சிரித்தார் பார், கழுத்துக் கண்ணாடி குலுங்கக் குலுங்க. "நல்லவேளை, இப்பவாவது சொன்னீங்க. நான்தான் பாடம் நடத்தத் தெரியாதவளோன்னு நினைச்சுட்டிருந்தேன்" என்றார். சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே காலை வரைந்து, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

அடுத்தது கூரைக்காரர். 'நீங்க பொய் சொல்றீங்க' என்று அவர்கள் மொழியில் எப்படிச் சொல்வது என்று நெட்டையிடம் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்துகொண்டேன். அவர் வந்து உட்கார்ந்து, "ரொம்ப நல்லா இருக்கு" என்றதும், விரலை நீட்டிக் கம்பீரமாகச் சொன்னேன். அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். உச்சரிப்பில் ஒரு எழுத்துப் பிசகிவிட்டது போலிருக்கிறது. நான் சொன்னது, 'நீங்க ஒரு கோழி.'

"நானா?" என்றார்.

"ஆமா!" என்றேன்.

அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். "கோழிக்கு ரெண்டு காலும் இருக்கே, அம்மா" என்றார்.

அப்புறம் நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்து என்ன ஆயிற்றென்று கேட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "வலிக்குது. சமதரையில வலிக்கலை. இறக்கத்துல இறங்கும்போது உயிர் போகுது. என் வீடு மேட்டுத் தெருவுல இருக்கு."

"ஏன் இத்தனை நாள் சொல்லலை?" என்றேன்.

"நீங்க தேறலைன்னா ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு அந்த நெட்டைப் பொண்ணு சொல்லிச்சு. என்னால உங்க படிப்பு கெட வேண்டாம்னு பார்த்தேன்" என்றார்.

பார்த்தாயா, என்னைக் காப்பாற்றத்தான் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கிறார்! வகுப்பறையில் சமதரை மட்டுந்தானே இருக்கிறது. இறக்கத்தைப் பற்றி நானும் நினைக்கவில்லை, கேட்கவும் இல்லை. கல்லூரிச் சமையல்கட்டுக்குப் பின்னால் சாமான் வண்டி ஏற ஒரு சரிவு இருக்கிறது. இப்போது தினமும் அதில் அவரை ஏற்றி இறக்கித்தான் மூன்றாவது காலைச் செய்கிறேன். ஒவ்வொரு அடிக்கும், "இப்போ வலிக்குது, இப்போ இல்லை, கோழிக்கு வலிக்குது" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே நடக்கிறார்.

தேர்வு அடுத்த மாதம் பதினோராம் தேதி. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயமாக இருக்கிறது என்று எழுதியதில் பாதி குறைந்துவிட்டது.

உன் அப்பாவின் கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா


நவம்பர் 14

அன்புள்ள வாலுக்கும் கட்டுக் கைக்காரருக்கும்,

உங்கள் வாக்குமூலம் கிடைத்தது. சிரித்தேன், அழுதேன், மறுபடி சிரித்தேன். மாவு மாமாவின் கட்டை நான் வந்துதான் தீர்ப்புச் சொல்வேன் என்று சொல்லிவிடு. என் உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. மனசு பஞ்சு மாதிரி இருக்கிறது. தேறிவிட்டேன்.

முழுதும் கேளுங்கள். தேர்வுக்குக் கண்ணாடியம்மாவோடு வெளியிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒவ்வொருவராகத் தாங்கள் செய்த காலைத் தங்கள் ஆளுக்குப் போட்டு நடக்க வைத்தார்கள். நடந்து முடிந்ததும் தேர்வாளர், "வசதியா இருக்கா?" என்று கேட்பார். எனக்கு முன்னால் போன ஒன்பது பேரும் "ஆமாங்க, நல்லா இருக்கு" என்றார்கள்.

என் முறை வந்தது. கூரைக்காரர் நடந்தார். நன்றாகவே நடந்தார். "வசதியா இருக்கா?" என்றார் தேர்வாளர்.

"இல்லை" என்றார் கூரைக்காரர்.

நெட்டை வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "நடக்கிறது சுகம். இறங்குறது சுகம். ஆனா மடக்கி உட்கார்ந்தா முழங்காலுக்குப் பின்னாடி விளிம்பு கிள்ளுது. இன்னைக்குக் காலையிலதான் கவனிச்சேன்."

ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது. புரிந்த சந்தோஷத்தில் பயம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அவரை உட்காரவைத்துக் காலைக் கழற்றி, அரத்தை எடுத்துப் பின் விளிம்பை ராவினேன். போட்டேன். "இப்போ?" "இன்னும் கொஞ்சம், இடது ஓரம்." ராவினேன். "இப்போ?" "பூ மாதிரி இருக்கு." பதினைந்து நிமிஷம் ஆகியிருக்கும். தலையை நிமிர்த்தினால் தேர்வாளர்கள் இரண்டு பேரும் நாற்காலியை விட்டு எழுந்து வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் மற்றவரிடம், "காலையிலேர்ந்து இப்பத்தான் ஒரு வைத்தியம் பார்க்கிறேன்" என்றார்.

இத்தோடு முடிந்ததென்று நினைக்காதீர்கள். "இன்னொரு தரம் நடந்து காட்டுங்க" என்றார்கள். கூரைக்காரர் எழுந்தார். இரண்டு பக்கமும் கம்பி போட்ட அந்த நடைபாதையில் நுனிவரை போனார். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. கதவைத் திறந்தார். வராந்தாவில் நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே ஓடினோம். ஏழு படியும் இறங்கினார், கம்பியைத் தொடவில்லை. தெருவைத் தாண்டினார். நிறுத்தத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. ஏறிவிட்டார்! ஜன்னலோரம் உட்கார்ந்து எங்களுக்குக் கையை ஆட்டினார். பஸ் போயே போய்விட்டது.

பயிற்சிக்குச் செய்த காலை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. அதற்கு மேல்தோல் நிறம்கூட இன்னும் பூசவில்லை. பக்கவாட்டில் பென்சிலால் என் பெயரும் வரிசை எண்ணும் எழுதியிருக்கிறது. வாசல்படியில் தேர்வாளர்கள், கண்ணாடியம்மா, பதினாறு பிள்ளைகள், நான். யார் முதலில் கைதட்டியதென்று தெரியாது. தட்ட ஆரம்பித்தவர்கள் நிறுத்தவேயில்லை.

உள்ளே வந்து கண்ணாடியம்மா பதிவேட்டைத் திறந்தார். மதிப்பெண் போட்டார். கடைசிக் கட்டத்தில், தேர்வு முடிந்த கால் எந்த அலமாரியில் இருக்கிறது என்று எழுத வேண்டும். கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு எழுதினார்: 'பதினாலாம் நம்பர் பஸ்.'

எல்லாரும் சுகமாக இருங்கள். இல்லாவிட்டால் இல்லை என்று எழுதுங்கள்.

தேறிய மாணவி,
அம்மா


நவம்பர் 24

வாலு அம்மாவுக்கு,

நான்தான். வலது கை. கட்டுப் பிரித்து ஒரு வாரம் ஆகிறது. கை வாழைத்தண்டு மாதிரி வெளுத்து இளைத்துவிட்டது. மாவு மாமா பந்து கொடுத்து அமுக்கச் சொன்னார், அமுக்குகிறேன். மழை நாளில் கொஞ்சம் குடைகிறது. நீ கேட்டபடி இருக்கிறதை எழுதுகிறேன். அடுத்த திங்கள் பஸ் எடுக்கிறேன்.

உன் கடிதத்தை உன் மகள் உட்காரவைத்துத்தான் என்னிடம் கொடுத்தாள். படியில் நிற்கவே விடவில்லை. அடுத்த நாள் டிப்போவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கண்டக்டர் ஒருத்தர் அழுதுவிட்டார். எனக்குப் பெருமையாக இருக்கிறது. இதை நேரில் சொல்ல வராது, எழுத வருகிறது.

ஆனால் நீ முக்கியமான இரண்டு விஷயத்தை எழுதாமல் விட்டுவிட்டாய். இருபத்து மூன்று வருஷமாக ஜனங்கள் ஏறுகிறதையும் இறங்குகிறதையும் பார்க்கிறவன் கேட்கிறேன். ஏறும்போது படியில் எந்தக் காலை முதலில் வைத்தார்? ஏறின பிறகு, அவர் இடம் பார்த்து உட்காருகிறவரை டிரைவர் வண்டியை எடுக்காமல் நின்றாரா?

சில பேர் எடுத்துவிடுவார்கள். அதனால் கேட்கிறேன். இரண்டு நாளாக இதே யோசனை.

அங்கே குளிர் அதிகமா? காலுறை இரண்டு போடு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


டிசம்பர் 3
(அஞ்சலட்டை)

என்னங்க,

உங்கள் எழுத்து நேராக நிற்கிறது. கையால் தடவித் தடவிப் பார்த்தேன். கொஞ்சம் காய்ச்சல், மூன்று நாளாகத் தும்மல்; மற்றபடி சந்தோஷமாக இருக்கிறேன்.

இடது காலை முதலில் வைத்தார். சொந்தக் கால் அதுதான். அப்படித்தான் ஏற வேண்டும்.

டிரைவர் கண்ணாடியில் அவரையே பார்த்தபடி இருந்தார். பின்னால் இரண்டு வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் உட்கார்ந்து, நிமிர்ந்து, கையை ஆட்டுகிற வரைக்கும் டிரைவர் காத்திருந்தார்.